முதல் ஆர்டர் யாருக்கு?

1983 செப்டம்பரில் அமெரிக்காவின் ரிச்மண்ட் மாநகராட்சி தன் சிறைச்சாலைக்குக் கழிப்பறைச் சாதனங்கள் வாங்கிப் பொருத்த டெண்டர் விட்டது. துருப்பிடிக்காத எஃகில் செய்த சிறுநீர்க் கலங்களும் மலக்கழிப்புக் கலங்களும்தான். மொத்த வேலை ஒன்றேகால் லட்சம் டாலரைக் கொஞ்சம் தாண்டும். இந்தச் சின்ன வேலையில் எழுந்த தகராறு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்து நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒதுக்கப்பட்ட சமூகத்தாரின் தொழில்களுக்கு அரசு ஆர்டர் கொடுப்பது எப்படி, எந்த அளவுக்கு என்ற கேள்விக்கு இன்றும் அந்த வழக்கின் தீர்ப்பைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

அந்த ஆண்டு ஏப்ரலில் ரிச்மண்ட் மாநகராட்சி ஒரு விதியைக் கொண்டுவந்திருந்தது. மாநகராட்சியின் கட்டுமான வேலையை எடுக்கும் ஒப்பந்தக்காரர், மதிப்பில் 30 சதவீதத்தைச் சிறுபான்மை இனத்தாரின் நிறுவனங்களுக்கு உள் ஒப்பந்தமாகக் கொடுக்க வேண்டும். நகரின் மக்களில் பாதிப் பேர் கறுப்பினத்தவர். அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் மாநகராட்சி நேரடியாகக் கொடுத்த கட்டுமான ஒப்பந்தங்களில் சிறுபான்மையினருக்குப் போனது 0.67 சதவீதம். விதி பிறந்ததற்குக் காரணம் இந்த எண்தான்.

சிறைச்சாலை டெண்டருக்கு விலை கொடுத்தது ஒரே நிறுவனம், ஜே.ஏ. குரோசன். அது கான்டினென்டல் என்ற சிறுபான்மை நிறுவனத்திடம் சாதனங்களுக்கு விலை கேட்டது. கான்டினென்டல் அந்தச் சாதனங்களை விற்கும் இரண்டு முகவர்களை அணுகியது. ஒருவர் ஏற்கெனவே குரோசனுக்கு நேரடியாக விலை கொடுத்துவிட்டதால் இவர்களுக்குக் கொடுக்க முடியாது என்றார். மற்றவர் கடன் தகுதியைச் சரிபார்க்க வேண்டும், அதற்குக் குறைந்தது 30 நாள் ஆகும் என்றார். டெண்டர் முடியும் நாளோ நெருங்கிவிட்டது. கடைசியில் கான்டினென்டல் கொடுத்த விலை, குரோசன் போட்டிருந்த கணக்கைவிட ஆறாயிரம் டாலருக்கு மேல் கூடுதல். குரோசன் விதிவிலக்குக் கேட்டது, மாநகராட்சி மறுத்தது, வழக்கு தொடங்கியது.

1989 ஜனவரியில் 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் ரிச்மண்டின் விதியை ரத்து செய்தது. நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் எழுதிய தீர்ப்பின்படி, இன அடிப்படையில் ஒதுக்கீடு செய்யும் மாநகராட்சி, தன் ஊரில் நடந்த பாகுபாட்டைக் குறிப்பாக நிரூபித்துக் காட்ட வேண்டும். பொதுவாகச் சமூகத்தில் பாகுபாடு இருந்தது என்று சொன்னால் போதாது. நீதிபதி தர்கூட் மார்ஷல் கடுமையாக மறுத்து எழுதினார். சட்ட மாணவர்கள் அந்த இரு கருத்துகளையும் வரிவரியாகப் படிக்கிறார்கள். தொழில் செய்பவர்கள் படிக்க வேண்டியது அந்த முகவர்களின் பதிலை. கான்டினென்டல் தடுக்கிய இடம் டெண்டர் விதி அல்ல. கடனில் சரக்கு எடுக்க முடியாத நிலைமை, முகவர் விலை கூடச் சொல்ல மறுத்த நிலைமை. ஒதுக்கப்பட்ட சமூகத்தாரின் தொழில்களிடம் வாங்குவதற்காகப் பெருநிறுவனங்களும் அரசுகளும் ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திவரும் 'சப்ளையர் பன்மைத் திட்டங்கள்' இந்தத் தடையை எவ்வளவு தூரம் கண்டுகொண்டன என்பதே அவற்றை எடைபோடச் சரியான அளவு.

இந்தத் திட்டங்கள் கலவரத்தின் சாம்பலில் பிறந்தவை. 1967 ஜூலையில் டெட்ராய்ட் நகரம் எரிந்தது. 43 பேர் இறந்தார்கள். கார் தொழிலின் தலைநகரில், அந்தத் தொழிலுக்குப் பொருள் செய்துகொடுக்கும் நிறுவனங்களில் கறுப்பின முதலாளியைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் சிறுபான்மைச் சப்ளையர்களுக்கென்று தனித் திட்டம் தொடங்கியது. 1969 மார்ச்சில் அதிபர் ரிச்சர்ட் நிக்சன் சிறுபான்மைத் தொழில்களுக்கென ஓர் அரசு அலுவலகத்தை ஆணையிட்டு உருவாக்கினார். குடியரசுக் கட்சிக்காரரான அவர் மானியத்தைவிடத் தொழில் நல்லது என்ற வாதத்தை முன்வைத்துத் தேர்தலைச் சந்தித்தவர். ஆகவே இது இடதுசாரிகள் மட்டும் கொண்டுவந்த யோசனை என்று இன்று பேசுகிறவர்கள் வரலாற்றைப் பாதியிலிருந்து படிக்கிறார்கள்.

1972-இல் பெருநிறுவனங்கள் சேர்ந்து ஒரு தேசியக் குழுவை அமைத்தன. அதுதான் இன்றைய தேசியச் சிறுபான்மைச் சப்ளையர் மேம்பாட்டுக் குழு. எந்த நிறுவனம் உண்மையிலேயே சிறுபான்மையினருடையது என்று சான்றிதழ் கொடுப்பது அதன் முக்கிய வேலை. அளவுகோல் எளிது: பங்குகளில் 51 சதவீதம் சிறுபான்மையினர் கையில் இருக்க வேண்டும், நிர்வாகமும் அன்றாட முடிவும் அவர்களிடமே இருக்க வேண்டும். பெண்களுக்கான இதே போன்ற அமைப்பு 1997-இல்தான் வந்தது. அந்தத் தாமதத்தின் பின்னணியும் தெரிந்துகொள்ள வேண்டியது. தொழில்கடன் கேட்கும் பெண்ணோடு ஆண் உறவினர் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லும் மாநிலச் சட்டங்களுக்கு அமெரிக்கா முற்றுப்புள்ளி வைத்ததே 1988-இல் வந்த ஒரு சட்டத்தால்தான். மத்திய அரசின் ஒப்பந்தங்களில் 5 சதவீதம் பெண்களின் நிறுவனங்களுக்கு என்று 1994-இல் இலக்கு வைத்தார்கள். அதை முதன்முதலாக எட்டியது 2015 நிதியாண்டில். ஐந்தே சதவீதத்தை எட்ட இருபத்தோரு ஆண்டுகள்.

அரசுத் தரப்பில் வேகம் காட்டியவர்களில் முக்கியமானவர் மேரிலாந்தின் காங்கிரஸ் உறுப்பினர் பேரன் மிட்செல். 1977-இல் மத்திய அரசின் பொதுப்பணி நிதியில் 10 சதவீதம் சிறுபான்மை நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்ற திருத்தத்தை அவர் சேர்த்தார். அடுத்த ஆண்டு வந்த சட்டம், மத்திய அரசிடம் பெரிய ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனங்கள் தங்கள் உள் ஒப்பந்தத் திட்டத்தை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும் என்றது. பெருநிறுவனங்களில் சப்ளையர் பன்மைக்கென்று தனி மேஜையும் தனி அதிகாரியும் வந்ததற்கு நல்லெண்ணம் மட்டும் காரணமல்ல. அரசு ஒப்பந்தம் வேண்டுமென்றால் அந்தத் தாள் வேண்டும்.

நகர அளவில் அட்லாண்டாவைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. 1973 தேர்தலில் வென்ற மேனார்ட் ஜாக்சன், தென் மாநிலப் பெருநகரம் ஒன்றின் முதல் கறுப்பின மேயர். அவர் பதவிக்கு வந்தபோது மாநகராட்சி ஒப்பந்தங்களில் சிறுபான்மையினர் பங்கு 1 சதவீதத்துக்கும் கீழ். விமான நிலையத்தைப் பெரிதாக்கும் பெரும்பணி அப்போது முன்னே நின்றது. அதில் கால்பங்கு சிறுபான்மை நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்று அவர் உறுதியாக நின்றார். பெரிய கட்டுமான நிறுவனங்கள் முறைத்தன, வங்கிகளும் முறைத்தன. அவர் வழிவிடவில்லை. அவர் கையாண்ட உத்தி கூட்டு ஒப்பந்தம். அனுபவமுள்ள பெரிய நிறுவனமும் புதிய சிறுபான்மை நிறுவனமும் சேர்ந்து ஒரே பெயரில் வேலை எடுக்க வேண்டும். புதியவருக்குக் கிடைத்தது வெறும் பணப் பங்கு அல்ல. பெரிய வேலைக்கான மதிப்பீடு எப்படிப் போடுவது, பணிக்கான பிணைப் பத்திரம் எப்படி வாங்குவது, பில்லை எந்தப் படிவத்தில் எப்போது வைப்பது என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பும் கிடைத்தது. புதிய முனையம் 1980-இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டியவர்களில் சிலர் அதன்பின் வேறு நகரங்களின் விமான நிலையப் பணிகளிலும் இறங்கினார்கள்.

தனியார் துறையில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது டெட்ராய்டின் பிரிட்ஜ்வாட்டர் இன்டீரியர்ஸ். ரொனால்ட் ஹால் 1998-இல் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கிய கார் இருக்கைத் தொழிற்சாலை அது. பெரும்பான்மைப் பங்கு ஹால் தரப்பிடம். கார் இருக்கை என்பது கிடங்கில் அடுக்கிவைத்து விற்கும் சரக்கு அல்ல. கார் ஆலையில் எந்த வண்டி எந்த வரிசையில் வருகிறதோ அதே வரிசையில், அதே நிறத்தில், அதே துணியிலோ தோலிலோ இருக்கைகள் தைத்து, சில மணி நேரத்தில் ஆலை வாசலில் இறங்க வேண்டும். வரிசையில் ஒரு இருக்கை மாறினால் ஆலையின் ஓட்டமே நின்றுபோகும். இப்படிப்பட்ட வேலையைச் சலுகையாக யாருக்கும் கொடுத்துவிட முடியாது. தொழில்நுட்பமும் முதலீடும் பெரிய கூட்டாளியிடமிருந்து வந்தன. நிர்வாகமும் ஆட்களைச் சேர்ப்பதும் உள்ளூர் முதலாளியின் பொறுப்பு. ஆர்டர் பல ஆண்டு நீடிக்கும் வாகன மாடல்களுக்கானது. மூன்றும் ஒன்றாக அமைந்ததால் அது நிலைத்தது.

இவ்வளவும் வெற்றிக் கதைகள். ஆனால் மொத்தக் கணக்கு என்ன சொல்கிறது?

பொருளாதார அறிஞர்கள் ஆரன் சாட்டர்ஜி, கென்னத் சே, ராபர்ட் ஃபேர்லி மூவரும் 1980-களில் ஒதுக்கீடு கொண்டுவந்த அமெரிக்க நகரங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். அந்த நகரங்களில் சொந்தத் தொழில் செய்வோர் விகிதத்தில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இருந்த இடைவெளி ஏறக்குறைய மூன்று சதவீதப் புள்ளிகள் குறைந்தது என்பது அவர்களின் முடிவு. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: பயன் பெரும்பாலும் படிப்பு கூடியவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. மறுபக்கம், இன்னொரு ஆய்வாளர் ஜஸ்டின் மேரியன் கலிபோர்னியாவின் நெடுஞ்சாலை ஒப்பந்தங்களைப் பார்த்தார். 1996-இல் அந்த மாநிலம் இன, பாலின முன்னுரிமையைத் தடை செய்தபின், மாநில நிதியில் நடந்த ஒப்பந்தங்களின் விலை, முன்னுரிமை தொடர்ந்த மத்திய நிதி ஒப்பந்தங்களோடு ஒப்பிட்டால் 5.6 சதவீதம் இறங்கியது. ஆக, திட்டம் தொழில்களை வளர்க்கிறது என்பது உண்மை. அதற்கு ஒரு விலை உண்டு என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கிறவர்கள் இந்தத் திட்டங்களுக்கு நல்லது செய்வதில்லை. தலைமுறை தலைமுறையாக மூடியிருந்த கதவைத் திறக்கச் சாலைச் செலவில் ஐந்தாறு சதவீதம் கூடுவது கொடுக்கத் தகுந்த விலைதான். ஆனால் அந்தக் காசு உள்ளபடியே புதியவரை வளர்க்கப் போக வேண்டும். இடைத்தரகர் பையில் விழக் கூடாது.

அங்கேதான் பினாமி நுழைகிறது. ஒதுக்கீடு வந்த நாள் முதல் அதுவும் கூடவே வருகிறது. பெரிய நிறுவனம் ஒரு சிறுபான்மைப் பெயரையோ மனைவியின் பெயரையோ முன்னால் நிறுத்துகிறது. பில் அந்தப் பெயரில் போகிறது, சரக்கு வேறு கிடங்கிலிருந்து வருகிறது, நடுவில் இருப்பவருக்கு ஒரு சிறு கமிஷன். 51 சதவீதச் சான்றிதழை வைத்து இதைப் பிடிப்பது கடினம். காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். அதனால் சான்றளிக்கும் அமைப்புகள் நேரில் போய்ப் பார்க்கின்றன. காசோலையில் கையெழுத்திடுவது யார், ஆளை வேலைக்கு எடுப்பதும் நீக்குவதும் யார், விலை போடத் தெரிந்தவர் யார் என்று கேட்கின்றன. தென்னாப்பிரிக்கா இதைக் குற்றமாகவே ஆக்கியது. கறுப்பினப் பொருளாதார அதிகாரமளிப்புக்கான அந்நாட்டின் 2003 சட்டத்தில் 2013-இல் செய்த திருத்தப்படி, பினாமி வைத்து ஏமாற்றினால் 10 ஆண்டு வரை சிறை; நிறுவனத்துக்கு ஆண்டு விற்பனையில் 10 சதவீதம் வரை அபராதம்.

51 சதவீத விதியில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. தொழில் வளர முதலீடு வேண்டும். முதலீட்டாளர் பங்கு கேட்பார். பங்கைக் கொடுத்தால் 51 போய்விடும், சான்றிதழும் போய்விடும். அதனால் பல நிறுவனங்கள் நடுத்தர அளவிலேயே நின்றுவிட்டன. 2000-இல் தேசியக் குழு விதியைத் தளர்த்தி, நிர்வாகக் கட்டுப்பாடு சிறுபான்மையினரிடம் இருந்தால் பங்கு 30 சதவீதம் வரை குறையலாம் என்றது. சிறுபான்மை வணிக அமைப்புகள் பலவே இதை எதிர்த்தன. வெள்ளைப் பணம் கறுப்பு முகமூடி போட்டு வரும் என்ற அச்சம் அவர்களுக்கு. அச்சத்தில் நியாயம் இருந்தது. வளர முடியாமல் நின்றவர்களின் கோரிக்கையிலும் நியாயம் இருந்தது.

பெருநிறுவனங்கள் தங்கள் வெற்றியை அளந்த விதம்தான் இந்தத் திட்டங்களின் பெரிய பலவீனம். 2001-இல் சில பெருநிறுவனங்கள் 'பில்லியன் டாலர் வட்டமேசை' என்ற அமைப்பை உருவாக்கின. சிறுபான்மை, பெண் சப்ளையர்களிடம் ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்குக் குறையாமல் வாங்குகிறவர்களுக்கே அதில் இடம். பெருமைக்குரிய எண்தான். ஆனால் மொத்தத் தொகையை மட்டும் இலக்காக வைத்தால் கொள்முதல் அதிகாரி என்ன செய்வார்? ஐம்பது புதிய சின்ன நிறுவனங்களைத் தேடி வளர்ப்பதைவிட, ஏற்கெனவே பெரிதாகிவிட்ட ஒரே சிறுபான்மை நிறுவனத்திடம் கணினிக் கருவிகளை மொத்தமாக வாங்கிவிடுவது எளிது. டேவிட் ஸ்டூவர்ட் 1990-இல் செயின்ட் லூயிஸில் தொடங்கிய வேர்ல்ட் வைட் டெக்னாலஜி நிறுவனம் தன் உழைப்பாலும் திறமையாலும் அமெரிக்காவின் மிகப் பெரிய கறுப்பின நிறுவனமாக வளர்ந்தது; அந்த வளர்ச்சியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அப்படி வளர்ந்த சிலரிடம் வாங்கியே இலக்கை எட்டிவிட முடிகிறபோது, முதல் ஆர்டருக்காகக் காத்திருக்கிறவரின் வரிசை நகர்வதில்லை.

அதே காலத்தில் கொள்முதல் துறைகள் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தன. சப்ளையர் எண்ணிக்கையைக் குறை, சிறு ஆர்டர்களைச் சேர்த்து ஒரே பெரிய ஒப்பந்தமாக்கு, பணம் கொடுக்கும் கெடுவை 30 நாளிலிருந்து 60-க்கும் 90-க்கும் நீட்டு என்பதே 1990-களுக்குப் பிந்தைய கொள்முதல் பாடம். ஒரு நாடு முழுவதற்குமான துப்புரவு வேலையை ஒரே ஒப்பந்தமாக்கிவிட்டால், ஒரு நகரத்தில் நாற்பது ஆட்களை வைத்து நன்றாக வேலை செய்கிறவர் டெண்டர் படிவத்தை வாங்கவே தகுதி இழக்கிறார். சம்பளத்தை வாராவாரம் கொடுத்து, பில் பணத்துக்கு மூன்று மாதம் காத்திருக்கும் நிறுவனம், கிடைத்த ஆர்டராலேயே மூழ்கிப்போகும். ஒரே கட்டடத்தில் ஒரு மாடியில் சப்ளையர் பன்மை அதிகாரி கண்காட்சி நடத்திக்கொண்டிருக்க, இன்னொரு மாடியில் நிதித் துறை கெடுவை நீட்டிக்கொண்டிருந்தது. இந்த இரண்டு மாடிகளையும் பேசவைத்த நிறுவனங்கள் மிகக் குறைவு.

பிறகு வந்தது 2020. மினியாபொலிஸில் காவலர் முழங்காலின் கீழ் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தார். நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பின் நடுவே பெருநிறுவனங்கள் வரிசையாக வாக்குறுதி கொடுத்தன. 2025-க்குள் கறுப்பினத்தாரின் தொழில்களில் 200 கோடி டாலர் செலவிடுவதாகவும் அவர்களின் 500-க்கும் மேற்பட்ட பிராண்டுகளைத் தன் அலமாரியில் வைப்பதாகவும் டார்கெட் நிறுவனம் அறிவித்தது. முதலீட்டாளர் மெலடி ஹாப்சனின் ஏரியல் நிறுவனம் தொடங்கிய நிதி ஒன்று, பெருநிறுவனங்களுக்குச் சப்ளை செய்யும் அளவுக்குச் சிறுபான்மை நிறுவனங்களைப் பெரிதாக்க 145 கோடி டாலர் திரட்டியது. முதலீடும் ஆர்டரும் சேர்ந்தே வர வேண்டும் என்ற புரிதல் அதில் இருந்தது.

காற்று திரும்ப மூன்றே ஆண்டுகள்தான் ஆயின. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை ரத்து செய்தது. கல்லூரிக்குச் சொன்ன தர்க்கம் சில வாரங்களிலேயே கொள்முதலுக்கு வந்தது. சிறு தொழில் நிர்வாகத்தின் '8(ஏ)' திட்டம், நலிந்த சமூகத்தாரின் நிறுவனங்களுக்கு ஒன்பது ஆண்டு வரை அரசு ஒப்பந்தங்களில் தனி வழி கொடுப்பது. அதில் குறிப்பிட்ட இனத்தவரைப் பின்தங்கியவர் என்று தானாகவே கருதுவது செல்லாது என்று டென்னசியின் மத்திய நீதிமன்றம் ஜூலையில் தீர்ப்பளித்தது. அதன்பின் விண்ணப்பிக்கிற ஒவ்வொருவரும் தனக்கு நேர்ந்த பாகுபாட்டைத் தானே கதையாக எழுதித் தர வேண்டியதாயிற்று. வங்கியில் மறுக்கப்பட்ட கடன், திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பம், அவமதித்த வார்த்தை என்று ஆண்டு, இடத்தோடு எழுத வேண்டும். வலியை விண்ணப்பப் படிவத்தில் நிரப்பச் சொல்வது கொடுமையான வழிமுறை.

அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்ட் கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு 20,000 டாலர் கொடுத்துவந்த திட்டத்தை 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது. செப்டம்பரில் சமரசம் ஏற்பட்டு அந்தத் திட்டமே மூடப்பட்டது. அரசு அல்ல, தனியார் செய்த உதவி அது. அதைத் தடுக்கப் பயன்பட்டது, விடுதலை பெற்ற அடிமைகளும் வெள்ளையரைப் போலவே ஒப்பந்தம் செய்யும் உரிமை பெற வேண்டும் என்று 1866-இல் இயற்றிய குடிமை உரிமைகள் சட்டத்தின் பிரிவு. 2025 ஜனவரி 21-இல் அதிபர் டிரம்ப் போட்ட ஆணை, அரசு ஒப்பந்தக்காரர்கள் சட்டத்துக்குப் புறம்பான பன்மைத் திட்டம் எதையும் நடத்தவில்லை என்று சான்றளிக்கச் சொன்னது. அரசு ஒப்பந்தத்துக்காக ஒரு காலத்தில் திட்டம் தேவைப்பட்டது. இப்போது அதே ஒப்பந்தத்துக்காகச் சட்டத்துக்குப் புறம்பான திட்டம் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அக்டோபரில் போக்குவரத்துத் துறை, நெடுஞ்சாலை ஒப்பந்தங்களுக்கான தன் திட்டத்திலிருந்து இன, பாலின அனுமானத்தை நீக்கியது.

நிறுவனங்கள் பின்வாங்கிய வரிசையும் நீளம். டிராக்டர் சப்ளை, ஹார்லி டேவிட்சன், வால்மார்ட் என்று 2024-இல் ஒவ்வொன்றாக அறிவித்தன. டார்கெட் 2025 ஜனவரியில் தன் சப்ளையர் பன்மைக் குழுவின் பெயரிலிருந்து பன்மையை எடுத்துவிட்டது. காஸ்ட்கோ எதிர்த்து நின்றது. பன்மைத் திட்டங்களால் வரும் ஆபத்தை ஆராய வேண்டும் என்ற தீர்மானத்தை அதன் பங்குதாரர்கள் 98 சதவீதத்துக்கும் மேற்பட்ட வாக்குகளால் நிராகரித்தார்கள். கவனிக்க வேண்டியது இது: முதலில் கைவிடப்பட்டவை இலக்கு எண்களும் பெயர்ப் பலகைகளும். பல ஆண்டு ஒப்பந்தமாக, கூட்டுத் தொழிற்சாலையாக, ஆலையின் அன்றாட ஓட்டத்தோடு பின்னிப்போன சப்ளையரை ஓர் அறிக்கையால் கழற்றிவிட முடியாது. கண்காட்சியில் கைகுலுக்கி, வாக்குறுதியை நம்பி, கடன் வாங்கிச் சரக்கு செய்துவைத்த சின்ன நிறுவனங்களுக்குத்தான் அடி.

இந்தியாவுக்கு இந்த யோசனை நேரடியாகவே வந்து சேர்ந்தது. 2002 ஜனவரியில் போபாலில் தலித் அறிவுஜீவிகள் கூடி வெளியிட்ட பிரகடனத்தில் சப்ளையர் பன்மை ஒரு கோரிக்கையாகவே இடம்பெற்றது. அமெரிக்க அனுபவத்தைப் படித்து அதை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர் எழுத்தாளர் சந்திரபான் பிரசாத். முதல்வர் திக்விஜய் சிங்கின் மத்தியப் பிரதேச அரசு, தன் கொள்முதலில் 30 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடமிருந்து என்று முடிவெடுத்தது. 2005-இல் புணேயில் மிலிந்த் காம்ப்ளே தலித் இந்தியத் தொழில் வர்த்தகச் சபையைத் தொடங்கினார். வேலை கேட்பவராக மட்டும் இருக்காமல் வேலை கொடுப்பவராக வேண்டும் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட நிலை.

2012-இல் மத்திய அரசின் பொதுக் கொள்முதல் ஆணை வந்தது. மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 20 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினர் நிறுவனங்களுக்கு. 2015-இல் இது கட்டாயமானது. 2018-இல் மொத்தம் 25 சதவீதமாகி, பெண்களுக்கு 3 சதவீதம் சேர்ந்தது. ஆணையின் உள்ளே இருக்கும் வழிமுறை கூர்மையானது. டெண்டர் படிவம் இலவசம். முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம். குறைந்த விலை கொடுத்தவரைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக விலை கொடுத்த சிறு நிறுவனம், அந்தக் குறைந்த விலைக்கே இறங்கிவர ஒப்புக்கொண்டால் ஆர்டரில் ஒரு பங்கு அதற்கு. அரசுக்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை. கலிபோர்னியாவில் மேரியன் கண்ட 5.6 சதவீதச் சிக்கலுக்கு இதில் இடமே இல்லை.

ஆனால் 4 சதவீத இலக்கு ஆண்டுக்கு ஆண்டு வெகு தூரத்திலேயே நிற்கிறது. ஏன் என்பதற்கு விடை பெரும்பாலும் ரிச்மண்டில் கான்டினென்டல் கேட்ட பதிலில்தான் இருக்கிறது. குறைந்த விலைக்கு இறங்க வேண்டுமென்றால் மூலப்பொருளை ரொக்கத்துக்கு மொத்தமாக வாங்கும் சக்தி வேண்டும். அரசு பெரிதாக வாங்குவதெல்லாம் எண்ணெய், எந்திரம், ராணுவத் தளவாடம்; அவற்றில் முந்தைய விற்பனை அளவும் மூன்றாண்டு அனுபவமும் கேட்கிறார்கள். முதல் ஆர்டர் கிடைக்காதவருக்கு அனுபவம் எங்கிருந்து வரும்? சொத்து இல்லாத குடும்பத்தில் பிறந்தவருக்கு வங்கி உத்தரவாதத்துக்கு ஈடு எங்கிருந்து வரும்? இதை உணர்ந்துதான் 2016 அக்டோபரில் லூதியானாவில் தேசியப் பட்டியல் சாதி, பழங்குடியினர் மையத்தைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் முதலீட்டில் 35 சதவீத மானியமும் வட்டியில் 6 சதவீதத் தள்ளுபடியும் தருகிறது. எந்திரம் வாங்க வழி பிறந்தது. அந்த எந்திரம் ஓட ஆர்டர் வேண்டும். ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இருக்கும் பெரிய ஆலைகளின் கொள்முதல் பட்டியல் வரை இந்தப் பாலம் நீள வேண்டும். இந்தியத் தனியார் துறையில் சப்ளையர் பன்மை இன்றும் விருப்பம் சார்ந்தது. பட்டியல் சமூக சப்ளையருக்கு, மற்றதெல்லாம் சமமாக இருந்தால் முன்னுரிமை என்பதைக் கொள்கையாக ஏற்ற டாடா போன்ற குழுமங்கள் விதிவிலக்கு.

பணம் வரும் கெடு இங்கே சட்டத்திலேயே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கில் கூட்டு வட்டி. ஆனால் வட்டி கேட்டு முறையிடும் சின்ன சப்ளையர் அடுத்த ஆர்டரை மறந்துவிட வேண்டியதுதான் என்பது தொழிற்பேட்டைகளில் எல்லோருக்கும் தெரிந்த நிலவரம்; அதிலும் சாதியால் ஏற்கெனவே ஓரத்தில் நிற்கிறவர் வாயைத் திறப்பதே இல்லை.

ஆஸ்திரேலியாவின் அனுபவம் இந்த இடத்தில் உதவும். பூர்வகுடித் தொழில்களிடம் அந்த நாட்டு மத்திய அரசு 2012–13-இல் வாங்கியது வெறும் 62 லட்சம் டாலருக்கு. 2015 ஜூலையில் தனிக் கொள்முதல் கொள்கை வந்தபின் அது பல மடங்கு வளர்ந்தது. முதலில் அவர்கள் இலக்கு வைத்தது தொகைக்கு அல்ல, ஒப்பந்தங்களின் எண்ணிக்கைக்கு: மத்திய ஒப்பந்தங்களில் 3 சதவீதம். அதனால் சிறு ஆர்டர்கள் பலருக்குப் போயின. பலருக்கு முதல் பில் எழுத வாய்த்தது. அதன்பின்தான் மதிப்பிலும் இலக்கு வைத்து, அதை 2030-க்குள் 4 சதவீதமாக்க முடிவெடுத்தார்கள். பாதிப் பங்கு இருந்தால் போதும் என்று இருந்த தகுதியை, பினாமிப் புகார்களுக்குப் பின் 2026 ஜூலை முதல் 51 சதவீதமாக இறுக்க முடிவு செய்தார்கள். முதலில் கதவு, பிறகு அளவு, பிறகு காவல் என்ற இந்த வரிசை அமெரிக்காவில் நேர்மாறாக நடந்தது.

இந்தியாவில் எந்த அமைச்சகம் யாரிடம் எவ்வளவு வாங்கியது என்பதை 'சம்பந்த்' இணையத் தளம் 2017 முதல் வெளியிடுகிறது. அதில் மொத்தத் தொகையும் அது எத்தனை நிறுவனங்களுக்குப் பிரிந்தது என்பதும் தெரிகிறது. அவற்றில் அந்த ஆண்டுதான் முதன்முதலாக ஆர்டர் பெற்றவை எத்தனை, ஒவ்வொரு பில்லுக்கும் பணம் போக எத்தனை நாள் ஆயிற்று, முதல் ஆர்டர் பெற்றவரில் இரண்டாவது ஆர்டரும் பெற்றவர் எத்தனை பேர் என்ற மூன்று நிரல்களையும் அதோடு சேர்த்து வெளியிட்டால் போதும். அதற்குப் புதிய சட்டம் வேண்டாம். ஆர்டர், பில், பட்டுவாடா மூன்றும் கணினியில் பதிவாகும் காலத்தில் இது ஓர் அறிக்கை வடிவத்தை மாற்றும் வேலைதான். பெருநிறுவனங்களும் தங்கள் ஆண்டறிக்கையில் இதே நிரல்களையும் சேர்க்கலாம்.